இரண்டு மணி எண்ணிக்கை

பலகையில் என் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார் சார்ஜென்ட்:
மாக்கி, தொடர்ந்து இன்னொரு ஷிஃப்ட்.
இந்த வாரத்தில் மூன்றாவது.
மறுக்கலாம். மறுத்தால் ஒரு தாள் வரும்.
மூன்று தாள் சேர்ந்தால் வேலை போகும்.
இரும்புச் சுரங்கத்தை மூடிய பிறகு
இந்த ஊரில் வேலை என்றால் இதுதான்:
சுப்பீரியர் ஏரியைப் பார்த்து நிற்கும் ஐந்து கட்டடங்கள்,
ஏரி தெரியாத ஜன்னல்கள்.

டென்னிக்கு நானே சொல்ல முடியாது.
என் போன் வெளியே, காரில், குளிரில் செத்துக் கிடக்கிறது.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்.
"மறுபடியுமா" என்பான்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டான்.

நாலாம் பிளாக்கில் தொண்ணூற்றாறு பேர்.
இரண்டு பேர் நிற்க வேண்டிய இடம்.
இன்னொருவர் கோஸ்கெலா.
பணிப்பட்டியலில் இன்னும் இருக்கிறார்,
பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான்.
மார்ச்சில் ஒரு ஞாயிறு
தன் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்.
அவர் லாக்கரை யாரும் திறக்கவில்லை.
உள்ளே சாப்பாட்டு டப்பா இருப்பது
எல்லோருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் அறைக்காரன்
என்னை முதல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.
எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது.
கேட்டால், அது என் பெயர்தான் என்று ஆகிவிடும்.
முப்பதாம் அறையில் லேமோயின்:
"வெளியே பனி கொட்டுதா ஆபீசர்?"
"ம்" என்றேன்.
வானிலையைச் சொல்லலாமா கூடாதா
விதிப்புத்தகத்தில் இல்லை.

கதவின் உணவுப் பொந்துக்கு நேராக நான் நிற்பதில்லை.
போன வருடம் அதன் வழியே ஒருவன் வீசியதை
மூன்று முறை குளித்தும் என் தலைமுடி மறக்கவில்லை.
ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை.
டென்னி என்னை முத்தமிடாத ஆறு மாதம்.
நான் விடாத, என்றும் சொல்லலாம்.

இரண்டு மணிக்கு எண்ணிக்கை.
போர்வையை எண்ணாதே என்பது விதி.
தோலைப் பார், மூச்சைப் பார், பிறகு எண்ணு.
டார்ச்சை நெஞ்சில் அடி, முகத்தில் அடிக்காதே.
தொண்ணூற்றேழு வந்தது.

ஒருவர் குறைந்தால் சைரன்.
ஒருவர் கூடினால்?
ரேடியோவில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
மறுபடி எண்ணு, மாக்கி.
தொண்ணூற்றேழு.
மூன்றாம் சுற்றில்தான் பிடித்தேன்:
ஆளில்லாத அறுபத்தொன்றாம் அறை.
அதன் இருட்டுக் கண்ணாடியில் ஒரு முகம்.
தோல் தெரிந்தது.
மூச்சு ஆவியாய்ப் படிந்து விலகியது.
விதிப்படி பார்த்தால்
நான் சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன்.

பதிவேட்டில் எழுதினேன்: தொண்ணூற்றாறு.
பிழைக்கான காரணம்: வெளிச்சம்.

ஆறரைக்கு, இன்னும் விடியாத சாலையில்
எதிரே டென்னியின் பனிவாரி வண்டி.
முன்விளக்கை இரண்டு முறை அணைத்து எரித்தான்.
நானும்.
இந்தக் குளிர்காலத்தில்
நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இவ்வளவுதான்.

வீட்டின் பின்னால் சவுனா நவம்பரிலிருந்து ஆறிக் கிடக்கிறது.
அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு.
சோபாவில் டென்னியின் தங்கை, பூட்ஸைக் கூடக் கழற்றாமல்.
முன்கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
பின்கதவு. மறுபடி முன்கதவு.

ஆர்விட்டின் அறையில்
கழுத்துவரை இழுத்த போர்வை.
போன் விளக்கை அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன்,
முகத்தில் படாமல்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை.
போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து
வெளியே வைத்தான்,
உள்ளங்கை மேலே பார்க்க.
ஒன்பது வயது.

விளக்கு நகர்ந்து போகும்வரை
அந்தக் கை
அங்கேயே இருந்தது.